கார் இன்ஜின் ஓவர்ஹீட்: காரணத்தைப் பிடிக்கும் வரிசையும் திரும்ப வராமல் தடுக்கும் முறையும்

ஓவர்ஹீட் ஆகும் காரில் பலரும் செய்வது, பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்ப்பதுதான். முதலில் தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), அதற்கும் அடங்காவிட்டால் வாட்டர் பம்ப், பிறகு ரேடியேட்டர். மூன்றையும் மாற்றிய பிறகும் டேஷ்போர்டின் வெப்ப முள் ஏறும். கடைசியில் பார்த்தால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கும், இல்லையென்றால் ஃபேனுக்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலே செத்திருக்கும்.

கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். செலவில்லாத சோதனைகள் முன்னால், கழற்ற வேண்டியவை பின்னால் என்று அடுக்கியிருக்கிறோம். தண்ணீர் சுற்றிக் குளிரும் பெட்ரோல், டீசல் கார்கள் இரண்டுக்கும் இது பொருந்தும். வெப்ப அளவுகள் எல்லாம் செல்சியஸில்.

1. முள் ஏறும்போது, அந்த நிமிடத்தில்

முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வைத்துக் கண்ணாடிகளை இறக்குங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்பதும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். அது இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை இழுத்து வெளியே தள்ளும். உள்ளே வேகும்தான், ஆனால் பாதுகாப்பாக ஓரங்கட்டச் சில நிமிடங்கள் கிடைக்கும்.

முள் சிவப்பைத் தொட்டாலோ, எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ உடனே நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போய்விடலாம்" என்ற எண்ணம்தான் மிகப் பெரிய செலவை வைக்கும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைவதும், அதன் அடியில் சீலாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போவதும் அந்த இரண்டு கிலோமீட்டரில்தான்.

அணைத்த பிறகு ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். பல கார்களில் ஃபேன் தானாக ஓடி ரேடியேட்டரை ஆற்றும்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரிக்கு மேல் இருந்தும் கொதிக்காமல் இருப்பது அழுத்தத்தால் மட்டுமே. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், இருப்பதெல்லாம் ஒரே சமயத்தில் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும். குறைந்தது 45 நிமிடம் காத்திருங்கள். பிறகு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தடித்த துணியால் பிடித்து அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கினால் மட்டும், மூடியைத் துணி போட்டு முதல் தடுப்பு வரை திருப்பி, மிச்ச அழுத்தம் போகவிட்டுத் திறங்கள்.

கொதித்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. சூட்டில் விரிந்த உலோகம் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று சுருங்கினால் ஹெட் விரிசல் விடும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

டார்ச், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, அகலமான தட்டு, புனல், டிஸ்டில்டு வாட்டர், உங்கள் காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகைக் கூலண்ட் ஆகியவை கட்டாயம். ஒரு மல்டிமீட்டர், காரின் கணினியைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனர், ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் ஊகிக்கும் வேலை பெரும்பாலும் போய்விடும். மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்கேனர் வாங்குங்கள். காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

கூலிங் சிஸ்டம் பிரஷர் டெஸ்டரும் ஹெட் கேஸ்கெட் சோதனைத் திரவமும் எல்லோரும் வாங்கி வைக்க வேண்டியவை அல்ல. அந்தக் கட்டம் வரும்போது அவை இருக்கும் மெக்கானிக்கிடம் போனால் போதும்.

3. டேஷ்போர்டு முள்ளை எவ்வளவு நம்பலாம்

பல கார்களில் அந்த முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுநர் பதறக்கூடாது என்பதற்காக, ஏறக்குறைய 80 முதல் 105 டிகிரி வரை எங்கிருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அதனால் முள் நகர ஆரம்பித்தாலே சூடு எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. கூலண்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சரைச் சுற்றித் திரவமே இருக்காது, வெறும் காற்றுதான் இருக்கும். அப்போது முள் கீழே இறங்கக்கூடும், இன்ஜினோ வெந்துகொண்டிருக்கும். முள் ஏறி, பிறகு சட்டென்று இறங்கினால் "சரியாகிவிட்டது" என்று நினைக்காதீர்கள். அப்போதே அணையுங்கள்.

ஸ்கேனரை மாட்டினால் கூலண்ட் வெப்பம் எண்ணாகவே தெரியும். பெரும்பாலான இன்ஜின்கள் 85 முதல் 105 டிகிரிக்குள் ஓடும். 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அது உண்மையான ஓவர்ஹீட். ஸ்கேனர் 92 காட்டும்போது முள் மட்டும் சிவப்பில் நின்றால் கோளாறு மீட்டரில் அல்லது வயரிங்கில் இருக்கிறது. முள் மேலே நிற்கும்போது கூலண்ட் ஹோஸ் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் சென்சரையும் சந்தேகியுங்கள். பெரும்பாலான சென்சர்கள் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்டும். சூடு ஏற ஏற மின்தடை சீராகக் குறைய வேண்டும், இடையில் குதிக்கக் கூடாது.

ஸ்கேனரில் பதிவான பிழைக் குறியீடுகளையும் படியுங்கள். பி0217 என்றால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. பி0128 என்றால் சூடாக வேண்டிய நேரத்தில் சூடாகவில்லை, பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது. பி0117, பி0118 இரண்டும் சென்சர் சர்க்யூட்டைச் சொல்பவை. பி0480 ஃபேன் கட்டுப்பாட்டு வயரிங்கைச் சொல்வது.

4. எப்போது சூடாகிறது?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு ஸ்பேனரைக் கூட எடுப்பதற்கு முன் இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்றோட்டக் குறை. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நிற்கும்போது ஃபேன் மட்டும்தான் கதி. எனவே ஃபேன், அதன் ரிலே, ஃபேனைச் சுற்றிய உறை ஆகியவற்றில் தேடுங்கள்.

நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மேட்டில் ஏறும்போதோ சூடாகி, நகரத்துக்குள் சரியாக இருந்தால் தண்ணீர் ஓட்டத்தில் குறை. இன்ஜின் அதிகச் சூட்டை உண்டாக்கும்போது அதை ரேடியேட்டர் வரை கொண்டுபோக முடியவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கலாம், பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் பக்கத்துக் கீழ் ஹோஸ் வேகத்தில் ஒட்டிப்போகலாம். கீழ் ஹோஸை யாரும் பார்ப்பதில்லை. பானெட்டைத் திறந்து, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை 3000 ஆர்பிஎம் வரை அழுத்த, இன்னொருவர் அந்த ஹோஸைக் கவனிக்கட்டும். சப்பையாக ஒட்டினால் ஹோஸ் மாற்ற வேண்டியதுதான்.

குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து, பத்து நிமிடத்துக்குள் ஏறினால் மூன்றில் ஒன்று: கூலண்ட் மிகக் குறைவு, தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கி ஓட்டத்தை அடைக்கும் ஏர் லாக்.

ஏசி போட்டால் மட்டும் ஏறினால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் குப்பை அடைத்திருக்கலாம், அல்லது ஃபேனின் அதிவேக நிலை வேலை செய்யவில்லை.

முள் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் காற்றுக் குமிழி. ஹீட்டர் சூடாக வீசி, திடீரென்று குளிர்ந்து, மறுபடி சூடானால் அது உறுதி. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் ஹீட்டர் கோருக்குக் கூலண்ட் போகவில்லை என்று பொருள். அளவு குறைந்திருக்க வேண்டும், அல்லது பம்ப் தள்ளவில்லை.

இவை எதிலும் சேராமல், வண்டி இழுவை குறைந்து சூடாகிறதா? அப்போது குளிரூட்டும் அமைப்புக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். பிடித்தபடி நிற்கும் பிரேக், நழுவும் கிளட்ச், புகைக்குழாயில் அடைத்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இக்னிஷன் டைமிங் பிந்தியிருப்பது, குறைந்த இன்ஜின் ஆயில் ஆகிய ஒவ்வொன்றும் இன்ஜினுக்குக் கூடுதல் சூட்டைச் சேர்க்கும்.

5. ஆறிய இன்ஜினில்: அளவு, நிறம், மூடி

காலையில், ஓட்டுவதற்கு முன் பாருங்கள். சூட்டில் கூலண்ட் விரிந்திருக்கும், அப்போது பார்க்கும் அளவு உங்களை ஏமாற்றும்.

முதலில் உங்கள் காரில் எந்த அமைப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். ரேடியேட்டரிலேயே அழுத்த மூடி இருந்தால், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில் வெறும் ரிசர்வ் டேங்க். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் டேங்கின் மேல்தான் கனமான திருகு மூடி என்றால் அது அழுத்தத்துக்குள் இருக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க்.

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். முதல் வகையில் ரிசர்வ் டேங்க் நிரம்பியிருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். இன்ஜின் ஆறும்போது மூடியிலுள்ள சின்ன வேக்கம் வால்வு திறந்து டேங்கிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுக்க வேண்டும். அந்த வால்வு ஒட்டிப்போனாலும், டேங்குக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும் கூலண்டுக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும், அல்லது ஹோஸ்கள் உள்நோக்கிச் சப்பிவிடும். எனவே ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து கழுத்து வரை கூலண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். டேங்கைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

நிறத்தையும் கவனியுங்கள். துருவின் செம்பழுப்பு இருந்தால் நீண்ட காலம் வெறும் தண்ணீர் ஓடியிருக்கிறது. எண்ணெய்ப் படலமோ காபி நிறக் குழம்போ மிதந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் பழுது. கெட்டியான ஜெல் கண்டால் ஒத்துப்போகாத இரண்டு கூலண்டுகளைக் கலந்திருக்கிறார்கள்.

மூடியைக் கையில் எடுத்து ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். கெட்டித்துப்போனதோ, வெடித்ததோ, கழுத்தின் தடம் ஆழமாகப் பதிந்ததோ இருந்தால் மாற்றிவிடுங்கள். மூடியின் மேல் 0.9, 1.1 பார் என்றோ 13, 16 பிஎஸ்ஐ என்றோ எழுதியிருக்கும். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய 1.5 டிகிரி உயர்த்துகிறது. 13 பிஎஸ்ஐ மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் நீங்கள் சுமார் 20 டிகிரி பாதுகாப்பை இழக்கிறீர்கள். அதே அளவு மூடியையே வாங்குங்கள். அழுத்தம் கூடிய மூடி போட்டால் நல்லது என்று நினைத்து மாட்டினால் பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் வாயைத் திறக்கும்.

6. கூலண்ட் எங்கே போகிறது?

மூடிய அமைப்பில் கூலண்ட் தானாகக் குறையாது. மாதம் ஒருமுறை ஊற்ற வேண்டியிருந்தால் கசிவு இருக்கிறது. ஊற்றிக்கொண்டே ஓட்டுவது தீர்வு அல்ல.

டார்ச் அடித்து ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, தெர்மோஸ்டாட் உறை, பம்ப், ஹீட்டர் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்கு இருக்கும். ஈரம் தெரியாவிட்டாலும் இந்தப் பொருக்கு காட்டிக்கொடுக்கும். முன்பக்கப் பயணி காலடி விரிப்பு ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி படிந்து, உள்ளே இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

கண்ணுக்கு எதுவும் படவில்லை என்றால் பிரஷர் டெஸ்டர். ஆறிய இன்ஜினில், மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் விடுங்கள். டெஸ்டரின் முள் இறங்கக் கூடாது. இறங்கியும் வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் கூலண்ட் சிலிண்டருக்குள் போகிறது. நேரே பகுதி 11-க்குப் போங்கள்.

அடைப்புப் பொடியை ஊற்றாதீர்கள். ஓட்டை எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது. ஒழுகலை நிறுத்தியதாகத் தோன்றும், சில மாதத்தில் ரேடியேட்டரே அடைத்து நிற்கும்.

7. ஃபேன்

கை வைப்பதற்கு முன் ஒன்று: மின்சார ஃபேன் இன்ஜின் அணைந்திருந்தாலும் ஓட ஆரம்பிக்கும். விரல் உள்ளே போகும் வேலை என்றால் அதன் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்திலேயே ஃபேன் ஓட வேண்டும். பிறகு ஏசியை அணைத்துவிட்டு ஸ்கேனரைப் பார்த்தபடி ஐடிலில் விடுங்கள். பொதுவாக 95 முதல் 105 டிகிரிக்குள் ஃபேன் கிளம்பி, சில டிகிரி குறைந்ததும் நிற்கும்.

ஓடவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். பிறகு ரிலேயை அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயுடன் இடம் மாற்றிப் பாருங்கள். பல கார்களில் ஹார்ன் ரிலே அதே வகையாக இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுங்கள். ஓடினால் மோட்டார் நல்லது, கோளாறு வயரிங்கிலோ சென்சரிலோ. ஓடாமல், உறையில் லேசாகத் தட்டியதும் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. ஃபேனின் ஒரு வேகம் மட்டும் வேலை செய்தால் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

மோட்டார் மாற்றிய கார்களில் ஒரு சின்னப் பரிசோதனை மிகவும் பயன்படும். ஃபேன் ஓடும்போது காரின் முன்புறம் நின்று கிரில்லுக்குப் பக்கத்தில் ஒரு தாளைப் பிடியுங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை இழுக்க வேண்டும், அதனால் தாள் போய் ஒட்ட வேண்டும். தாள் உங்களை நோக்கிப் பறந்தால் வயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் எதிர்த்திசையில். ஓடும்போது எதிர்க்காற்றோடு அது சண்டை போடும்.

ஃபேன் உறையும், பம்பருக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டரைச் சுற்றி விலகிப் போய்விடும். பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் என்றால், நடுக் கிளட்சைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, இன்ஜின் சூடாகி அணைத்ததும் கையால் சுற்றினால் எதிர்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தங்குதடையின்றிச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது.

ரிலேயைச் சரிசெய்யாமல் ஃபேனை நேரடியாக ஒரு ஸ்விட்சில் இணைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. என்றாவது ஒருநாள் அந்த ஸ்விட்சைப் போட மறப்பீர்கள். தற்காலிகமாக ஊர் போய்ச் சேர மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

8. தெர்மோஸ்டாட்

சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது மிகப் பழைய பழக்கம், மிகத் தவறான பழக்கமும் கூட. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கிறது. முதன்மை வாயில் திறக்கும்போது அந்தத் தட்டு, ரேடியேட்டரைத் தவிர்த்துப் போகும் பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் சூடான கூலண்டில் ஒரு பெரும் பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸ் வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள் போகும். குளிர்விக்க எடுத்த பாகம், இன்னும் கொதிக்க வைக்கும். மற்ற இன்ஜின்களிலோ சூடு ஏறாமலே ஓடி, எரிபொருள் கூடுதலாகச் செலவாகி, சிலிண்டர் தேய்மானமும் கூடும்.

கழற்றாமலே சோதிக்க: ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து தெர்மோஸ்டாட்டோடு சேர்ந்த ரேடியேட்டர் ஹோஸைக் கவனியுங்கள். முதல் சில நிமிடம் அது ஆறியே இருக்க வேண்டும். ஸ்கேனரில் 82 முதல் 92 டிகிரிக்குள் ஏதோ ஒரு இடத்தில், அந்த ஹோஸ் சட்டென்று சூடாகும். அதுதான் திறக்கும் கணம். 100 டிகிரி ஆகியும் ரேடியேட்டர் ஆறிக் கிடந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது, அல்லது கூலண்ட் சுற்றவே இல்லை. முதலிலிருந்தே ஹோஸ் மெல்ல மெல்லச் சூடானால் திறந்தபடி நிற்கிறது.

கழற்றினால், நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அடியில் படக்கூடாது, பாத்திர அடியின் சூடு தண்ணீரின் சூட்டைவிட அதிகம். உடலில் பொறித்திருக்கும் வெப்பத்துக்குப் பக்கத்தில் திறக்கத் தொடங்கி, கூட 10 முதல் 15 டிகிரியில் முழுதாகத் திறக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரிலும் பாதிதான் திறக்கிறது என்றால் மேட்டில் சூடாகும் புதிர் அவிழ்ந்துவிட்டது.

மாட்டும்போது ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கியும், விளிம்பில் உள்ள சின்னக் காற்று ஊசி உச்சியிலும் இருக்க வேண்டும். ஊசி கீழே போனால் அதன் பின்னால் காற்று தங்கி, புதிய தெர்மோஸ்டாட்டும் திறக்கத் தாமதிக்கும்.

9. ரேடியேட்டர்

வெளி அடைப்பை முன்னால் நின்று பார்த்தால் தெரியாது. ஏசி கண்டென்சர் சுத்தமாக இருக்கும், அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையில் தூசி, பஞ்சு, பூச்சி எல்லாம் ஒரு பாய் போலப் படிந்திருக்கும். மேல் தடுப்பைக் கழற்றி இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கழுவும்போது தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி விடுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போகும். உயர் அழுத்தப் பீச்சு வேண்டாம், மெல்லிய துடுப்புகள் மடங்கி அந்த இடம் நிரந்தரமாக அடைபடும்.

உள் அடைப்புக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நல்ல உதவி. இன்ஜின் முழுச் சூட்டில், தெர்மோஸ்டாட் திறந்த பிறகு, ரேடியேட்டரின் பரப்பைக் கூலண்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை அளந்துகொண்டே போங்கள். சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் சில்லென்று இருந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டமில்லை. பளபளக்கும் உலோகத்தில் இந்தக் கருவி பொய் சொல்லும். கருப்பு ரப்பரிலோ, கருப்பு டேப் ஒட்டிய இடத்திலோ அளவெடுங்கள்.

10. வாட்டர் பம்ப்

பம்பின் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். உள் சீல் போனால் கூலண்ட் அதன் வழியே சொட்டும். அந்தத் துளையை எம்சீல் வைத்து அடைக்கிறார்கள். அப்படி அடைத்தால் கூலண்ட் பேரிங்குக்குள் போய்ப் பம்ப் மொத்தமாகப் பிடித்துவிடும். கப்பியை அசைத்தால் ஆட்டமோ, ஓடும்போது உராயும் சத்தமோ இருந்தாலும் பம்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் இம்பெல்லர் கொண்ட பம்புகளில் இம்பெல்லர் அச்சில் நழுவும். வெளியே கசிவும் இருக்காது, சத்தமும் இருக்காது, தண்ணீர் மட்டும் ஓடாது. டைமிங் பெல்ட்டில் ஓடும் பம்ப் என்றால் பெல்ட் மாற்றும்போதே பம்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், இரண்டுக்கும் உழைப்பு ஒன்றே.

11. ஹெட் கேஸ்கெட்

பகுதி 6-இன் அழுத்தச் சோதனை இங்கே அனுப்பினால் தவிர, மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே இங்கே வாருங்கள். கேஸ்கெட் போவது பல நேரம் ஓவர்ஹீட்டின் விளைவு. முதற்காரணத்தை விட்டுவிட்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் புதியதும் போகும்.

அறிகுறிகள்: காலை ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் தவறி உதறல், இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, இனிப்பு வாடை, கூலண்ட் தொட்டியில் விடாத குமிழி. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், கூலண்ட் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது. சூட்டால் அவ்வளவு சீக்கிரம் அழுத்தம் வராது.

ஆயில் மூடியின் அடியில் மட்டும் வெண்ணிறக் குழம்பு இருந்தால் பதற வேண்டாம். குறுந்தூரம் மட்டுமே ஓடும் கார்களில் ஈரம் படிந்து அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் அதே குழம்பு இருந்தால்தான் கவலை.

உறுதி செய்ய, தொட்டியின் வாயிலிருந்து காற்றை உறிஞ்சி நீலத் திரவத்தின் வழியாக விடும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு இருந்தால் திரவம் மஞ்சளாக (டீசலில் பச்சையாக) மாறும். திரவத்தில் கூலண்ட் கலந்துவிட்டால் முடிவு செல்லாது, எனவே மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஹெட்டைக் கழற்றினால் அதன் சமதளத்தை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல இன்ஜின்களுக்கு எல்லை 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். அளக்காமல் புதிய கேஸ்கெட் போட்டு மூடினால் அந்த உழைப்பு வீண். நீளும் வகை ஹெட் போல்ட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தவும் கூடாது.

12. கூலண்ட் நிரப்புதலும் காற்று எடுத்தலும்

பழுதைச் சரியாகப் பார்த்துவிட்டு, நிரப்பும்போது கெடுப்பவர்கள் நிறைய. இந்தப் பகுதியை நிதானமாகச் செய்யுங்கள்.

எத்திலீன் கிளைக்காலும் (தண்ணீர் கலக்காத கூலண்ட் கான்சன்ட்ரேட்டின் முக்கியப் பொருள்) டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி என்பதே பொது அளவு. அந்தக் கலவை சாதாரண அழுத்தத்தில் 106 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், நல்ல மூடியோடு 125-ஐத் தாண்டும், உறைநிலை மைனஸ் 37. கான்சன்ட்ரேட்டைத் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரும் என்பது தவறு. கிளைக்கால் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சூட்டைச் சுமக்கும். வெறும் தண்ணீரும் கூடாது. துருத் தடுப்பு அதில் இல்லை. குழாய்த் தண்ணீரிலோ சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து வரும்.

கேனில் "ரெடி டு யூஸ்" என்று இருந்தால் தண்ணீர் சேர்க்காதீர்கள், அது ஏற்கனவே கலந்தது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது தயாரிப்பாளரின் விருப்பம், எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது. கையேட்டில் குறித்திருக்கும் தரக்குறியீடு கேனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அ. முழுதாக ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து தட்டில் பிடியுங்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், ருசியோ இனிப்பு. நாயும் பூனையும் நக்கிவிடும். சாக்கடையில் ஊற்றாமல், மூடிய கேனில் அடைத்து ரசாயனக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

ஆ. டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள்.

இ. இப்போது கணக்கு. அடித் திருகைத் திறந்தால் எல்லாம் வடியாது, இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் அலசிய தண்ணீர் மிச்சம் நிற்கும். அதன்மேல் 50க்கு 50 கலவையை ஊற்றினால் கூலண்ட் நீர்த்துவிடும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்றால், முதலில் 3 லிட்டர் கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றிவிட்டு, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். இன்ஜினே கலந்துகொள்ளும்.

ஈ. நிரப்பும் வாய் உயரமாக இருக்கும்படி காரின் முன்பக்கம் சற்று மேட்டில் நிற்கட்டும். ஹீட்டர் முழுச் சூட்டில். காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து வைத்து, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். திருகில் குமிழியில்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள்.

உ. மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, சூடாவதற்கு முன் ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது நிரப்பி மூடியைப் போடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். ஹீட்டரில் சீரான சூட்டுக் காற்று வர வேண்டும்.

ஊ. இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். முதல் இரண்டு, மூன்று காலைகளில் சிறிது இறங்குவது சகஜம், தங்கியிருந்த காற்று வெளியேறுகிறது. அதன் பிறகும் இறங்கினால் பகுதி 6-லிருந்து மறுபடி தொடங்குங்கள்.

13. திரும்ப வராமல் இருக்க

மாதம் ஒருமுறை, ஆறிய இன்ஜினில் மட்டத்தைப் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு முந்தைய நாளும் பாருங்கள்.

பழைய பச்சை வகைக் கூலண்டுக்கு ஏறக்குறைய 2 ஆண்டு, ஆர்கானிக் அமில வகைக்கு 5 ஆண்டு என்பது பொதுவான ஆயுள். கையேடு வேறு சொன்னால் கையேடே முடிவு. நிறம் நன்றாக இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள், தீர்ந்துபோவது துருத் தடுப்பு. அது கண்ணுக்குத் தெரியாது.

ஹோஸ்களை ஆறிய பிறகு கிளாம்புக்குப் பக்கத்தில் கிள்ளிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கித் திரும்பும். மொறுமொறுவென்று நொறுங்கும் ஓசை வந்தாலோ, களிமண்ணாக மெத்தென்று இருந்தாலோ, முனை ஊதியிருந்தாலோ மாற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளிருந்து பிளவுபடும் ஹோஸ்களை இந்தக் கிள்ளல் மட்டுமே காட்டும்.

வெயில் காலம் தொடங்கும் முன் ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் இடையில் ஒருமுறை கழுவுங்கள். கூலண்ட் மாற்றும்போதே ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிடுங்கள். மொத்த அமைப்பிலேயே விலை குறைந்த பாகம் அது. ஸ்கேனர் வைத்திருப்பவர்கள், கார் நன்றாக ஓடும் நாளிலேயே நெடுஞ்சாலையில் எத்தனை டிகிரி, டிராஃபிக்கில் எத்தனை, ஃபேன் எத்தனையில் கிளம்புகிறது என்று குறித்து டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். அந்த எண் 5, 6 டிகிரி கூடத் தொடங்கினால், முள் அசைவதற்கு வெகு முன்பே பகுதி 4-இன் கேள்வியைக் கேட்க ஆரம்பிக்கலாம்.